யூரியா வோலர் தெரியும், பென்சாயில் வோலர்?

ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரி படித்த எல்லோருக்கும் ஃபிரெடெரிக் வோலர் என்ற பெயர் தெரிந்திருக்கும். 1828-ல் அம்மோனியம் சயனேட்டில் இருந்து யூரியா தயாரித்தார், உயிர்சக்திக் கோட்பாடு காலி. ஒரு மார்க் கேள்வி. அதோடு மனுஷனை மூடி வைத்துவிட்டு நாம் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம்.

அந்த மனுஷன் அதற்குப் பிறகு இன்னும் 54 வருஷம் வாழ்ந்தார். அவர் செய்ததிலேயே பெரிய வேலை யூரியா என்று எனக்குத் தோன்றவில்லை. 1832-ல், மனைவி இறந்து சில வாரங்களே ஆன நிலையில், நண்பர் ஒருவரின் லேபில் போய் நின்று நாலு வாரத்தில் செய்து முடித்த ஒரு வேலை இருக்கிறது. அதில் பிறந்த பெயர் பென்சாயில். உங்க ரூமில் பிம்பிளுக்கு யாராவது க்ரீம் வைத்திருந்தால் ட்யூபைத் திருப்பிப் பாருங்க, பென்சாயில் பெராக்சைடு என்று போட்டிருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. பாலிமர் பேப்பர் படிக்கிறவர்களுக்கு அதே பொருள் இனிஷியேட்டராக அறிமுகம் ஆகியிருக்கும். அந்தப் பேரின் முதல் பாதி எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்தக் கதை.

வோலர் பிறந்தது 1800 ஜூலை 31, ஜெர்மனியில் ஃபிராங்ஃபர்ட்டுக்குப் பக்கத்தில் எஷர்ஸ்ஹைம் என்ற ஊரில். அப்பாவுக்குக் குதிரைகள்தான் உலகம், அரண்மனைக் குதிரை லாயத்தைப் பார்த்துக்கொண்ட மனிதர். பையனுக்குச் சின்ன வயசிலேயே கல்லு, தாதுப்பொருள் சேர்க்கிற பைத்தியம். வீட்டிலேயே கெமிஸ்ட்ரி எக்ஸ்பெரிமென்ட் செய்து பார்ப்பதும் உண்டு. ஆனால் காலேஜில் சேர்ந்தது மெடிசின். முதலில் மார்புர்க், அப்புறம் ஹைடல்பெர்க்.

மார்புர்க்கில் மெடிசின் படிக்கும்போதே, 1821-ல், மெர்க்குரி தயோசயனேட் என்ற பொருளைச் சூடாக்கினால் அது புழு மாதிரி நெளிந்து பல மடங்கு உப்பி வெளியே வருவதைப் பார்த்து எழுதிவிட்டார். தீபாவளிக்கு நாம் கொளுத்தும் பாம்பு மாத்திரைக்கு இது தூரத்துச் சொந்தம். ஹைடல்பெர்க்கில் லியோபோல்ட் க்மெலின் பெரிய கெமிஸ்ட்ரி புரொஃபசர். இந்தப் பையன் ஏற்கெனவே செய்திருந்த வேலையைப் பார்த்துவிட்டு, என் லெக்சருக்கு நீ வந்து உட்காருவது நேர விரயம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். 75 சதவீத அட்டெண்டன்ஸுக்கு அல்லாடுகிற நமக்கு இது கொஞ்சம் வயிற்றெரிச்சலான விஷயம்தான்.

1823-ல் டாக்டர் பட்டம் கையில் வந்தது. ஆனால் அவர் ஸ்டெதஸ்கோப் பக்கமே போகவில்லை. க்மெலினின் யோசனைப்படி ஸ்வீடனுக்குக் கிளம்பிவிட்டார். ஸ்டாக்ஹோமில் இருந்த பெர்சீலியஸ்தான் அன்றைக்கு ஐரோப்பாவிலேயே கெமிஸ்ட்ரியின் பெரியண்ணன். நாம் இன்றைக்கு எழுதும் தனிமக் குறியீடுகள் அவர் போட்ட பாதையில் வந்தவை. அந்தப் பெரியண்ணனின் லேப் என்பது சாதாரண ரெண்டு அறைதான். பக்கத்தில் சமையல்கட்டு. வேதியியல் கண்ணாடிச் சாமான்களைக் கழுவுவது சமையல்காரம்மா அன்னா. ஒருநாள் அன்னா ஒரு பாத்திரத்தைக் கழுவும்போது, இதில் ஆக்சிமியூரியாட்டிக் அமில வாடை வருதே என்று பழைய பெயரைச் சொல்ல, இனிமேல் அதைக் குளோரின் என்றுதான் சொல்லணும் என்று பெர்சீலியஸ் திருத்தினாராம். குளோரின் ஒரு தனிமம் என்று அவர் ஒத்துக்கொண்டதே அப்போதுதான். ஒரு சயின்ஸ் புரட்சி சமையல்கட்டு வரைக்கும் போய்ச் சேர்ந்ததை வோலர் பக்கத்தில் நின்று பார்த்தார். அங்கே சுத்தமாக வேலை செய்யக் கற்றுக்கொண்டார், ஸ்வீடிஷ் மொழியையும் கற்றுக்கொண்டார். பிற்பாடு பெர்சீலியஸின் புத்தகங்களையும் வருடாந்திர அறிக்கைகளையும் ஜெர்மனில் மொழிபெயர்த்தது அவர்தான்.

இங்கேதான் இரண்டாவது ஹீரோ வருகிறார். யுஸ்டஸ் லீபிக். 1803-ல் டார்ம்ஸ்டாட்டில் பிறந்தவர், வோலரைவிட மூணு வயசு சின்னவர். வெடிப்பொருள் மேல் தீராத மோகம். 21 வயசில் கீசன் என்ற சின்ன ஊரின் யுனிவர்சிட்டியில் புரொஃபசர் ஆகிவிட்டார். கோபக்காரர். யாராவது தப்பாக எழுதினால் பேப்பரிலேயே கிழித்துத் தொங்கவிடுவார்.

அப்படித்தான் இவரும் வோலரும் மோதிக்கொண்டார்கள். லீபிக் ஆராய்ந்தது சில்வர் ஃபல்மினேட், தொட்டாலே வெடிக்கும். வோலர் ஆராய்ந்தது சில்வர் சயனேட், பாட்டுக்குக் கிடக்கும் சாது. ரெண்டையும் அலசிப் பார்த்தால் சில்வர் ஆக்சைடு அளவு ரெண்டிலும் கிட்டத்தட்ட 77 சதவீதம். மற்ற தனிமங்களும் அதே கணக்கு. ஒரே தனிமங்கள், ஒரே அளவு, ஆனால் ஒன்று வெடிக்கிறது, இன்னொன்று வெடிக்கவில்லை. அன்றைக்கு இருந்த அறிவுப்படி இது நடக்கவே கூடாத விஷயம். வோலரின் அனாலிசிஸ் தப்பு என்று லீபிக் பாய்ந்தார். வோலர் பதிலுக்குப் பாயவில்லை. ரெண்டு பேரும் ஃபிராங்ஃபர்ட்டில் நேரில் சந்தித்துப் பேசினார்கள். மறுபடி சோதித்தபோது ரெண்டு பேர் கணக்கும் சரி என்று வந்தது. அப்போ தப்பு எதில்? ஒரே அணுக்கள் ஒரே எண்ணிக்கையில் இருந்தால் ஒரே பொருள்தான் என்ற நம்பிக்கையில். 1830-ல் பெர்சீலியஸ் இதற்கு ஐசோமெரிசம் என்று பெயர் வைத்தார். நம்ம மாற்றியம்.

பேப்பரில் சண்டை போட்டு ஆரம்பித்த ரெண்டு பேர், சாகும் வரைக்கும் நண்பர்களாக இருந்தார்கள். சயின்ஸ் வரலாற்றில் இப்படி நடப்பது அபூர்வம்.

வோலர் 1825-ல் பெர்லினில் ஒரு தொழிற்பள்ளியில் வாத்தியார் வேலையில் சேர்ந்தார். நம்ம பாலிடெக்னிக் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். அங்கேதான் 1827-ல் அலுமினியம் குளோரைடைப் பொட்டாசியத்தோடு சேர்த்துச் சூடாக்கி, அலுமினியத்தைச் சாம்பல் நிறத் தூளாகப் பிரித்தார். அதற்கு ரெண்டு வருஷம் முன்பு டென்மார்க்கில் எர்ஸ்டெட் முயன்றிருந்த வேலை அது. 1828-ல் யூரியா. உண்மையில் அந்த வெள்ளைப் படிகங்கள் நாலைந்து வருஷத்துக்கு முன்பே அவர் கண்ணில் பட்டிருந்தன. என்னவென்றுதான் தெரியவில்லை. மெடிசின் படிக்கும்போது, சாப்பிடும் பொருட்களில் எது எது சிறுநீரில் வெளியே வருகிறது என்று நாய்களிடமும் தன்னிடமும் சோதனை செய்து பார்த்தவர் அவர். அதனால் யூரியா எப்படி இருக்கும் என்று கைக்குத் தெரியும். இன்னொன்றும் சொல்லணும். உயிர்சக்திக் கோட்பாட்டை ஒரே அடியில் சாய்த்துவிட்டேன் என்று அவர் அந்தப் பேப்பரில் கொண்டாடவில்லை. அம்மோனியம் சயனேட்டும் யூரியாவும் ஒரே அணுக்கணக்கு என்பதுதான் அவருக்குப் பெரிய ஆச்சரியம். அந்த மார்பில் குத்தும் மெடலைப் பிற்காலத்து புத்தகங்கள்தான் அவருக்குக் குத்திவிட்டன.

1830-ல் கல்யாணம். மணப்பெண் ஃபிரான்சிஸ்கா, உறவுக்காரப் பெண். அடுத்த வருஷம் பெர்லினில் காலரா நுழைந்தது. குடும்பத்தோடு அங்கே இருப்பது ஆபத்து என்று காசல் என்ற ஊருக்குக் கிளம்பினார். அங்கேயும் ஒரு தொழிற்பள்ளி வேலை கிடைத்தது. காலராவிடம் இருந்து தப்பித்தாகிவிட்டது, இனி நிம்மதி என்று இருந்திருப்பார்.

1832 மே மாதம் லீபிக்குக்கு ஒரு கடிதம் போட்டார். சில்லறை வேலை செய்து அலுத்துவிட்டது, நாம் சேர்ந்து உருப்படியாக ஏதாவது செய்யலாம், கசப்பு பாதாம் எண்ணெய் விஷயத்தில் எல்லோரும் குழம்பிக் கிடக்கிறார்கள், அதை எடுக்கலாமா, எண்ணெய் எங்கே கிடைக்கும் என்று விசாரித்திருந்தார்.

ஜூனில் ஃபிரான்சிஸ்கா இறந்துவிட்டார். கல்யாணமாகி ரெண்டு வருஷம். ரெண்டு கைக்குழந்தைகள்.

செய்தி கீசனுக்குப் போனது. லீபிக் முன்கோபி என்று சொன்னேன் இல்லையா, அந்த முன்கோபி எழுதிய பதில் கடிதத்தை நினைத்தால் அவரை மன்னித்துவிடலாம் என்று தோன்றும். ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியவில்லை, கிளம்பி என் வீட்டுக்கு வந்துவிடு, வேலை செய்வோம், பாதாம் எண்ணெய்க்குப் பாரிசில் சொல்லிவைத்துவிட்டேன் என்பது அதன் சாரம். பாரிசில் இருந்த பெலூஸ் என்ற கெமிஸ்ட் மூலமாக எண்ணெய் வரவழைக்கப்பட்டது. வோலர் கிளம்பினார்.

இப்போது அந்த எண்ணெயைப் பற்றி.

நாம் சாப்பிடும் பாதாம் இனிப்பு வகை. கசப்பு வகை ஒன்று உண்டு. அதை அரைத்துத் தண்ணீர் விட்டு வடித்தால், மணமான ஓர் எண்ணெய் வரும். கூடவே ஹைட்ரஜன் சயனைடும் வரும், அதாவது கொல்லும் விஷம். அந்த மணமே விஷத்தின் மணமா, விஷம் அந்த எண்ணெயின் ஒரு பாகமா, காற்றில் திறந்து வைத்தால் அந்த எண்ணெய் ஏன் வெள்ளைப் படிகமாக மாறுகிறது என்று எதுவும் யாருக்கும் தெளிவாகத் தெரியாது. அந்த வெள்ளைப் படிகம் பென்சாயிக் அமிலம் என்று மட்டும் தெரியும். பென்சாயிக் அமிலம் புதுசு இல்லை. மலாக்கா சாம்பிராணியைச் சூடாக்கினால் ஆவியாகி மேலே படியும் வெள்ளைப் பூ மாதிரியான பொருள், பல நூறு வருஷமாக மருந்துக்கடைக்காரர்களுக்குப் பழக்கம். அந்தப் பிசினின் ஐரோப்பியப் பெயர் பென்சாயின். சாவகத்துச் சாம்பிராணி என்ற அர்த்தம் தரும் அரபுச் சொல் நசுங்கி நசுங்கி அப்படி ஆனது. அமிலத்துக்குப் பெயர் அதிலிருந்து வந்தது. பின்னால் பென்சீனுக்கும் அதுவே.

கீசன் லேபில் முதல் வேலை, எண்ணெயில் இருந்து சயனைடைக் கழற்றுவது. ஆல்கலியும் இரும்பு உப்புக் கரைசலும் சேர்த்துக் குலுக்கி, மறுபடி காய்ச்சி வடித்தார்கள். சயனைடு இரும்போடு ஒட்டிக்கொண்டு பின்தங்கிவிட்டது. சுத்தமான எண்ணெய் வந்தது, மணம் அப்படியே இருந்தது. ஆக மணம் விஷத்துடையது அல்ல. நாம் இன்றைக்கு பென்சால்டிஹைடு என்று சொல்வது இதைத்தான்.

அடுத்தது அனாலிசிஸ். இதில் அவர்களுக்கு ஓர் அதிர்ஷ்டம். முந்தின வருஷம்தான் லீபிக் ஒரு கருவி செய்து முடித்திருந்தார். அஞ்சு கண்ணாடிக் குமிழ்கள், உள்ளே பொட்டாஷ் கரைசல். பொருளை எரித்து வரும் கார்பன் டை ஆக்சைடை இதன் வழியாக விட்டால் மொத்தமும் உள்ளே மாட்டிக்கொள்ளும். எரிப்பதற்கு முன்னும் பின்னும் கருவியை எடை போட்டால் கார்பன் எவ்வளவு என்று தெரிந்துவிடும். பெர்சீலியஸுக்கு மாதக்கணக்கில் இழுத்த வேலை இதில் சீக்கிரம் முடியும். அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டியின் லோகோவைப் பார்த்திருக்கிறீர்களா? அதில் இருக்கும் அந்த விநோதமான குமிழ்கள் இதேதான். நாலு வாரத்தில் இத்தனை பொருளை அலச முடிந்ததற்கு நட்பு பாதிக் காரணம் என்றால், இந்தக் கண்ணாடி மீதிப் பாதி.

எண்ணெயில் குளோரினை விட்டார்கள். ஹைட்ரஜன் குளோரைடு வெளியே போனது, மூக்கைத் துளைக்கும் ஒரு திரவம் கிடைத்தது, பென்சாயில் குளோரைடு. இதைத் தண்ணீரோடு சேர்த்தால் பென்சாயிக் அமிலம் வந்தது. அம்மோனியாவோடு சேர்த்தால் பென்சமைடு. ஆல்கஹாலோடு சேர்த்தால் மணமான எஸ்டர். பொட்டாசியம் அயோடைடோடு சூடாக்கினால் குளோரின் இருந்த இடத்தில் அயோடின் உட்கார்ந்தது. மெர்க்குரி சயனைடோடு சேர்த்தால் அதே இடத்தில் சயனைடு, லெட் சல்ஃபைடோடு சேர்த்தால் சல்ஃபர். எண்ணெயில் நேரடியாக புரோமினை விட்டால் புரோமின் வகை. ஒவ்வொன்றையும் எடுத்து, எரித்து, எடை போட்டு, கணக்குப் பார்த்தார்கள்.

கணக்கு திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் வந்து நின்றது. எந்தப் பொருளை எடுத்தாலும் உள்ளே மாறாத ஒரு கூட்டம் இருந்தது. இன்றைய கணக்கில் 7 கார்பன், 5 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன். அன்றைய அணு எடைப்படி அவர்கள் எழுதியது இதன் இரட்டிப்பு, 14, 10, 2. எண்ணெய் என்றால் அந்தக் கூட்டத்தோடு ஒரு ஹைட்ரஜன். ஹைட்ரஜன் போய்க் குளோரின் வரும், குளோரின் போய் அயோடின் வரும், கூட்டம் அசையாது. ஹாஸ்டலில் சில கேங் இருக்கும் பாருங்க, ரூம் மாறும், ஃப்ளோர் மாறும், ரூம்மேட்டாக வரும் அந்த ஒருத்தன் மட்டும் வருஷா வருஷம் மாறுவான், கேங் அப்படியே போகும். அதுதான்.

அந்தக் கூட்டத்துக்கு பென்சாயில் என்று பெயர் வைத்தார்கள். முன்பாதி பென்சாயிக் அமிலத்தில் இருந்து, கடைசியில் வரும் ஈல் என்ற ஒலி பொருள் என்று அர்த்தம் தரும் கிரேக்கச் சொல்லில் இருந்து. மெத்தில், எத்தில், ஃபீனைல், அசிட்டைல் என்று நாம் எழுதிக் குவிக்கும் எல்லாப் பெயர்களின் வாலும் இங்கே முளைத்ததுதான். அதே 1832-ல் பார்மசி ஆண்டுத் தொகுப்பு இதழில் கட்டுரை வெளிவந்தது. தலைப்பே பென்சாயிக் அமிலத்தின் ரேடிக்கல் பற்றிய ஆராய்ச்சிகள். முதல் பெயர் வோலர், இரண்டாவது லீபிக்.

ரேடிக்கல் என்ற சொல்லில் ஒரு குழப்பம் வரும். இன்றைக்கு நாம் ஃப்ரீ ரேடிக்கல் என்பது ஜோடி சேராத ஒற்றை எலக்ட்ரானோடு அலையும் ஆசாமியை. 1832-ல் எலக்ட்ரானே கிடையாது. அன்றைய அர்த்தம், ஒரு தனிமம் போலவே நடந்துகொள்கிற அணுக்கூட்டம், அமிலத்தின் வேர். லவாய்சியே காலத்துச் சொல். 1815-ல் கே-லூசாக், கார்பனும் நைட்ரஜனும் சேர்ந்த சயனோஜன் ஒரு தனிமம் போல நடக்கிறது என்று காட்டியிருந்தார். ஆனால் மூணு தனிமம் சேர்ந்த ஒரு கூட்டம், இத்தனை பொருள்களில் வரிசையாகப் புகுந்து புறப்பட்டும் சிதறாமல் வருவதை முதலில் காட்டியது பென்சாயில்தான்.

இது ஏன் பெரிய விஷயம்? அதுவரைக்கும் கரிமப் பொருள்கள் என்றால் ஒரு காடு. ஆயிரக்கணக்கில் பொருள்கள், எல்லாவற்றிலும் அதே கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன், எது எதற்குச் சொந்தம் என்று தெரியாது. மூணு வருஷம் கழித்துக்கூட, உள்ளே போனால் வெளியே வர வழி தெரியாத வெப்பமண்டலக் காடு இது என்றுதான் வோலர் பெர்சீலியஸிடம் புலம்பினார். அந்தக் காட்டில் முதல் ஒற்றையடிப் பாதை பென்சாயில். ஒவ்வொரு பொருளாக மனப்பாடம் செய்யாமல் குடும்பம் குடும்பமாகப் பார்க்கலாம் என்ற தைரியம் அதில்தான் வந்தது. நாம் இப்போது ஃபங்ஷனல் குரூப் என்று படிப்பதற்கு அது கொள்ளுத் தாத்தா.

பெர்சீலியஸ் கட்டுரையைப் படித்துத் துள்ளிக் குதித்தார். தாவர வேதியியலில் ஒரு புது நாள் விடிந்துவிட்டது, அதனால் இந்த ரேடிக்கலுக்கு விடியல் என்று அர்த்தம் வரும் கிரேக்கப் பெயர் வைக்கலாமே என்று புரோயின், ஆர்த்ரின் என ரெண்டு பெயரும் சொல்லி அனுப்பினார். நல்லவேளை, பென்சாயிலே நிலைத்தது. கொஞ்ச வருஷத்தில் அவரே பின்வாங்கினார். எல்லாச் சேர்மமும் ஒரு பாசிட்டிவ் பாகம், ஒரு நெகட்டிவ் பாகம் சேர்ந்தது என்பது அவருடைய கொள்கை. ஆக்சிஜன்தான் உச்சபட்ச நெகட்டிவ். அந்த ஆக்சிஜனை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு ஒரு கூட்டம் பாசிட்டிவ் பாகமாக எப்படிக் குளோரினோடு சேரும்? கணக்கு உதைத்தது. கொள்கையை விடுவதா, பென்சாயிலை விடுவதா என்று வந்தபோது பெரியவர் பென்சாயிலை விட்டார்.

ஆகஸ்ட் கடைசியில் வோலர் காசலுக்குத் திரும்பினார். திரும்பியதும் லீபிக்குக்கு எழுதிய கடிதத்தில் ஆராய்ச்சி பற்றி பெருமை எதுவும் இல்லை. மறுபடி இந்தத் தனிமைக்குள் வந்துவிட்டேன், நீங்கள் என்னை உங்கள் வீட்டில் வைத்துக்கொண்ட அன்புக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை, உங்கள் பக்கத்தில் நின்று வேலை செய்தது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று எழுதியிருக்கிறார். கரிம வேதியியலின் பாதை திறந்த மாதம், அவரைப் பொறுத்தவரை வீட்டில் இருக்க முடியாமல் வெளியே போயிருந்த மாதம்.

1834-ல் ஜூலி ஃபைஃபர் என்ற பெண்ணை மறுமணம் செய்துகொண்டார். நாலு பெண் குழந்தைகள் பிறந்தார்கள். 1836-ல் கோட்டிங்கன் யுனிவர்சிட்டிக்குப் போனவர், கடைசிவரை அங்கேயே இருந்தார். காசலில் அவர் விட்ட இடத்துக்கு வந்தவர் யார் தெரியுமா? பர்னர் புகழ் புன்சன். அவரும் அங்கே ஒரு ரேடிக்கலைத்தான் பிடித்துக்கொண்டார், ஆர்சனிக் கலந்த ககோடில். நாற்றமும் விஷமும் வெடியும் சேர்ந்த பொருள். அந்த ஆராய்ச்சியில் நடந்த வெடிப்பில் புன்சனுக்கு ஒரு கண் பார்வை போனது. பாதாம் வாசனையில் தொடங்கிய துறை அங்கே போய் நின்றது.

1837-ல் வோலரும் லீபிக்கும் பாதாமின் பாக்கியையும் முடித்தார்கள். கசப்பு பாதாமுக்குள் அந்த எண்ணெய் எண்ணெயாக இருப்பதே இல்லை. அமிக்டலின் என்ற பொருளாகப் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அரைத்துத் தண்ணீர் பட்டதும், பாதாமிலேயே இருக்கும் எமல்சின் என்ற பொருள் அந்தப் பூட்டைத் திறக்கிறது. எண்ணெய், சயனைடு, சர்க்கரை மூன்றும் வெளியே வருகின்றன. என்சைம் என்ற சொல் வருவதற்கு முன்பே ஒரு என்சைமின் வேலையைப் பார்த்துவிட்டார்கள்.

இதற்கிடையில் பாரிசில் டூமா என்பவர் அசிட்டிக் அமிலத்தில் ஹைட்ரஜனை எடுத்துவிட்டுக் குளோரினைச் செருகினார். பொருளின் குணம் பெரிதாக மாறவில்லை. ரேடிக்கலுக்குள் இருக்கும் அணுவையும் மாற்றலாம் என்றால், மாறாத கூட்டம் என்ற கதை என்ன ஆவது? வோலருக்கு இதைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது. 1840-ல் லீபிக்கின் இதழில் ஒரு போலிக் கட்டுரை வந்தது. மாங்கனீஸ் அசிட்டேட்டில் ஹைட்ரஜனைக் குளோரினால் மாற்றினேன், அப்புறம் மாங்கனீஸை மாற்றினேன், ஆக்சிஜனை மாற்றினேன், கடைசியில் கார்பனையும் மாற்றினேன், இப்போது வெறும் குளோரினும் தண்ணீரும்தான் இருக்கிறது, ஆனாலும் பழைய குணம் அப்படியே இருக்கிறது என்று ரொம்ப சீரியஸாக எழுதியிருந்தார் ஒருவர். லண்டனில் குளோரினில் நெய்த துணி விற்பனைக்கு வந்துவிட்டது, ஆஸ்பத்திரிகளில் இரவுத் தொப்பிக்கும் உள்ளாடைக்கும் நல்ல கிராக்கி என்று ஓர் அடிக்குறிப்பு வேறு. கையெழுத்து, எஸ். சி. எச். விண்ட்லர். சேர்த்துப் படித்தால் ஷ்விண்ட்லர், ஜெர்மனில் ஏமாற்றுக்காரன். மீம் போடுகிற ஆசை நம்ம தலைமுறையில் ஆரம்பித்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க.

ஆனால் இந்த ஜோக்கில் ஒரு வேடிக்கை இருக்கிறது. டூமா செய்தது சரிதான். அந்தச் செருகல் வித்தைக்கு நல்ல உதாரணம், ஹைட்ரஜன் இருந்த இடத்தில் குளோரினை உட்கார வைத்த வோலரின் அதே பாதாம் எண்ணெய்தான். மாறவே மாறாத ரேடிக்கல் என்ற கொள்கை மெதுவாகச் செத்தது. பென்சாயில் சாகவில்லை. கெகுலே 1865-ல் பென்சீனுக்கு வளையம் போட்ட பிறகு அதன் உட்புறமும் தெரிந்தது. ஒரு பென்சீன் வளையம், அதில் ஒட்டிய ஒரு கார்பன், அந்தக் கார்பனில் இரட்டைப் பிணைப்போடு ஓர் ஆக்சிஜன். அந்தக் கார்பனில் மிச்சம் இருக்கும் ஒரு கைதான் 1832-ல் ஹைட்ரஜனையும் குளோரினையும் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தது.

அந்தக் கூட்டம் நம் உடம்புக்குள்ளேயும் ஓடுகிறது. பென்சாயிக் அமிலத்தைச் சாப்பிட்டால் அது உடம்பில் வேறு ஏதோவாக மாறி வெளியே வருகிறது என்ற சந்தேகம் வோலருக்கு மாணவனாக இருந்தபோதே உண்டு. 1842-ல் கெல்லர் என்பவர் பென்சாயிக் அமிலத்தைத் தானே விழுங்கிவிட்டு, தன் சிறுநீரில் ஹிப்பூரிக் அமிலம் இருப்பதைக் காட்டினார். பென்சாயில் கூட்டம் உள்ளே போய் கிளைசின் என்ற அமினோ அமிலத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே வருகிறது. ஹிப்போஸ் என்றால் கிரேக்கத்தில் குதிரை. குதிரையின் சிறுநீரில் கண்டு லீபிக் வைத்த பெயர் அது. கேன்டீன் சாஸ் பாட்டிலில் சோடியம் பென்சோயேட் அல்லது 211 என்று போட்டிருந்தால், அந்த சமோசாவுக்குப் பிறகு உங்க உடம்பிலும் இதே வேலை நடக்கும்.

வோலர் பிற்காலத்தில் கரிம வேதியியலை விட்டு விலகி, பழைய காதலான தாதுப்பொருள்களிடம் திரும்பிவிட்டார். 1845-ல் அலுமினியத்தைச் சின்னச் சின்ன உருண்டைகளாக எடுத்தார். 1862-ல் கால்சியம் கார்பைடில் தண்ணீர் விட்டால் அசிட்டிலீன் வரும் என்று காட்டினார். அவர் துறையில் படித்த ஜூவெட் என்ற அமெரிக்க மாணவர், ஊருக்குப் போய் ஓபர்லின் கல்லூரியில் வாத்தியார் ஆனார். அவரிடம் அலுமினியம் பற்றிக் கேட்டு வளர்ந்த சார்லஸ் மார்ட்டின் ஹால், 1886-ல் மின்சாரத்தால் அலுமினியம் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார். மெட்டலர்ஜி ஆட்களுக்கு ஹால்-ஹெரூல்ட் முறையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

லீபிக் மட்டும் கடைசிவரை மாறவில்லை. யாரோடாவது பேப்பர் சண்டை போட்டுக்கொண்டே இருந்தார், பெர்சீலியஸோடும்கூட. நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தது வோலர். 1843-ல் ஒரு கடிதத்தில் நண்பருக்குப் புத்தி சொன்னார். 1900-ம் வருஷத்தை நினைத்துப் பார், நாம் ரெண்டு பேரும் கார்பானிக் அமிலமும் தண்ணீரும் அம்மோனியாவுமாகக் கரைந்திருப்போம், நம் சாம்பல் ஏதோ ஒரு நாயின் எலும்பில் போய்ச் சேர்ந்திருக்கும், நாம் யாரோடு சண்டை போட்டோம் என்று அப்போது யார் கேட்கப் போகிறார்கள், ஆனால் உன் கண்டுபிடிப்புகள் நிற்கும் என்ற பொருளில். ஒரு கெமிஸ்டால் மட்டுமே எழுத முடிகிற சமாதானக் கடிதம். லீபிக் அதைப் படித்தார். சண்டையை நிறுத்தவில்லை.

1873 ஏப்ரல் 18-ல் லீபிக் மியூனிக்கில் இறந்தார். வோலருக்கு அப்போது 72 வயது. இன்னும் ஒன்பது வருஷம் இருந்தார். 1882 செப்டம்பர் 23-ல் கோட்டிங்கனில் உயிர் பிரிந்தது. ரெண்டு பேரும் நாற்பது வருஷத்துக்கு மேலாக எழுதிக்கொண்ட கடிதங்களை வோலரின் மகள் எமிலியும் கெமிஸ்ட் ஹாஃப்மனும் சேர்ந்து தொகுத்தார்கள். 1888-ல் ரெண்டு பாகமாக அச்சில் வந்தது. எண்ணெய் எங்கே கிடைக்கும் என்று கேட்ட மே மாதக் கடிதமும், கிளம்பி வந்துவிடு என்ற ஜூன் கடிதமும், காசலில் இருந்து எழுதிய ஆகஸ்ட் கடிதமும் முதல் பாகத்தில் இருக்கின்றன.